செவன் ஹில்ஸ் தங்கசாலை

வெனிஸ் குடியரசை நெப்போலியன் முடித்துவைத்தான் என்று சரித்திரப் புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. அந்தக் குடியரசின் தங்கசாலை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் ஆண்டுக் குளிர்காலத்தில்கூட நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இடம், சிட்னிக்கு மேற்கே செவன் ஹில்ஸ். என் மாப்பிள்ளையின் கார் ஷெட். அச்சு வெட்டுகிறவர், வெள்ளி உருக்குகிறவர், சுத்தியல் பிடிக்கிறவர், கடைசியில் கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாம் நான் ஒருவன்தான். எழுநூறு வருஷத்துக்கு முந்திய வெள்ளிக் காசுகளை, எழுநூறு வருஷத்துக்கு முந்தியவர்களைவிட நன்றாக அடித்தேன். இதை நானாகச் சொல்லவில்லை. இந்த ஊர் நாணய நிபுணர் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது.

நீங்கள் நம்பமாட்டீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, பழகிவிட்டது. குற்றத்தைச் செய்யப் பட்ட பாட்டைவிட அதை ஒப்புக்கொள்ள நான் பட்ட பாடுதான் பெரிது. ஒருவரும் என்னைக் குற்றவாளியாக ஏற்றுக்கொள்ள முன்வரவில்லை. நல்ல பெயர் எடுத்துவிட்டால் இதுதான் தொந்தரவு.

என் பெயர் பாலகிருஷ்ணன். பல் டாக்டர். திருச்சியில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் முப்பத்தைந்து வருஷம் தொழில் பார்த்தேன். அந்த ஜில்லாவில் என் கை நுழையாத வாய் கிடையாது. மூன்று கலெக்டர்கள், கணக்கில்லாத பாகவதர்கள், ஒரு கோயில் யானை. யானைக்கு மயக்க மருந்து கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தேன், தானாகத் தூங்கிவிட்டது. பெண் ராதாவையும் மாப்பிள்ளை நாகராஜனையும் நம்பி நானும் என் மனைவி சத்தியபாமாவும் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, சிங்கப்பூருக்கு மேலே பறக்கையில் விமானியின் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தேன். விமானம் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, அவ்வளவுதான். இதையெல்லாம் நான் சொல்லும்போது மாப்பிள்ளை கூரையைப் பார்ப்பார். அவர் தொழிற்சாலை இன்ஜினியர். கூரையில் அப்படி என்ன இருக்கிறதோ.

இந்த நாட்டில் தொழில் பார்க்க வேண்டுமானால் மறுபடி பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். எனக்குக் கேள்வித்தாள் தயாரிக்கக்கூடிய ஆள் இங்கே யார் இருக்கிறார் என்று கேட்டேன். ஆகவே ஓய்வு. ஆனால் கப்பலில் ஏற்றி அனுப்பிய என் சாமான்கள் எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. காலால் மிதித்துச் சுற்றும் டிரில், தங்கம் வெள்ளி உருக்கும் குகை என்ற மண்கிண்ணம், ஊதுவிளக்கு, சின்னத் தராசு, வாய்க்குள் பார்க்கும் கைக்கண்ணாடி. எல்லாவற்றையும் கார் ஷெட்டில் வரிசையாக வைத்துவிட்டு, அவற்றின் நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தெருவில் நாய்கூட அதிகம் வராது. நல்ல கைகளை இப்படி சும்மா வைத்திருப்பதுதான் உண்மையில் குற்றம். இதை யாரும் விசாரிப்பதில்லை.

அந்த நாளில் மேற்கு சிட்னியில் தமிழ்க்காரர்களை எண்ணிவிடலாம். பரமட்டாவில் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்துப் பொங்கல் கொண்டாடினார்கள். அங்கேதான் விக்னராஜா அறிமுகம். யாழ்ப்பாணத்துக்காரர். நீர்வாரியத்தில் இன்ஜினியர். வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு மரத்தட்டைக் காட்டினார். பச்சை வெல்வெட் போட்ட தட்டு. அதில் குழி குழியாக, குழிக்கு ஒன்றாக, கறுப்பு வட்டங்கள். பழைய மருந்து மாத்திரைகளோ என்று நினைத்தேன்.

"வெனிஸ் வெள்ளிக் காசு, டொக்டர். கிரோஸோ எண்டு சொல்லுவினம். வியாபாரத்துக்கெண்டே அந்த நகரம் அடிச்சது. மெஷின் இல்லை. கீழை ஒரு அச்சு, மேலை ஒரு அச்சு, நடுவிலை வெள்ளித் தகடு. சுத்தியலாலை ஒரு அடி. அதுதான் ஒண்டைப்போல ஒண்டு இராது" என்றார்.

ஒன்றைப்போல் ஒன்று இல்லைதான். ஒன்று நெளிந்திருந்தது. ஒன்றில் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. ஒரு பக்கம் அந்தந்தக் காலத்தில் வெனிஸை ஆண்ட டோஜே என்ற தலைவரும் அவர் பக்கத்தில் மாற்கு என்ற புனிதரும் ஒரே கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். பல காசுகளில் கம்பம் இருந்தது, ஆட்களைக் காணவில்லை. இருந்தவர்களுக்கும் முகம் கடுகளவு, அதில் வாய் இல்லை. வாய் இல்லாத ஒருவரை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்.

விக்னராஜாவுக்கு அவை உயிர். லண்டனில் படிக்கிற காலத்தில் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு முதல் காசை வாங்கினாராம். இன்னொன்று கொழும்பில் ஒரு நகைக்கடைக்காரர் கொடுத்தது. இன்னொன்றுக்காக இஸ்தான்புல்லில் இறங்கி மழையில் நனைந்து ஜுரம் வந்ததாம். இருபது வருஷம். ஆபீசில் அவரை "விக்" என்று கூப்பிட்டு, தேநீர் கொண்டுவரச் சொல்லும் ஆட்கள் இருந்தார்கள். நாணயக் கழகத்தில் மட்டும் "மிஸ்டர் விக்னராஜா" என்று முழுசாகச் சொல்வார்கள். அந்தத் தட்டுக்குக் கிடைத்த மரியாதை அது.

அவருடைய தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகி அவர் யாழ்ப்பாணம் போக வேண்டி வந்தது. அவர் தெருவில் அந்த மாதம் ஒரு திருட்டு நடந்திருந்தது. தட்டை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"உங்களிட்டை விட்டிட்டுப் போறன், டொக்டர். உங்கட கை சுத்தமான கை. தொட்டுப் பாக்கிறதெண்டாலும் பாருங்கோ. ஆனா கழுவக் கிழுவக் கூடாது, சரியோ."

"சேச்சே" என்றேன்.

கழுவவேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. சத்தியபாமாதான் வெள்ளிக்கிழமை விளக்கு தேய்க்கும்போது தட்டைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது, இரும்புக்கடைச் சாமானாட்டம்."

"வெள்ளி. சுத்தமான வெள்ளி."

"வெள்ளியா. வெள்ளிய இப்படி வெச்சா வீடு விளங்குமா. இங்க குடுங்க."

"குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்."

"ஆம்பளைங்க ஆயிரம் சொல்வாங்க. அந்த மனுஷனுக்குப் பொண்டாட்டி இல்லை, வேற யார் தேச்சுக் குடுப்பா."

தட்டைக் கொடுத்துவிட்டேன். புளியும் விபூதியும் போட்டு நன்றாகத் தேய்த்தாள். பளபளவென்று வந்தன. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, இந்தக் காசுக்காரர்களுக்கு அந்தக் கறுப்புதான் பெருமை. கறுப்புப் போனால் காசு போன மாதிரி. இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கே தெரிந்திருந்தாலும், இவர்கள் அழுக்கைச் சேகரிக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பேன்.

தேய்த்ததும் குறைகள் இன்னும் நன்றாகத் தெரிந்தன. நெளிந்த காசு ஒன்று என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அதை நிமிர்த்த நினைத்தேன். பழைய வெள்ளி முறுகிப்போயிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. குறடால் பிடித்து லேசாக அழுத்தினேன். அப்பளம் மாதிரி இரண்டாகிவிட்டது.

உடைந்த வெள்ளியை நம்மவர்கள் யாராவது அப்படியே வைத்துக்கொள்வார்களா. அழித்துப் புதிதாகப் பண்ணுவோம். சத்தியபாமாவின் கல்யாணக் கொலுசு ராதாவின் குங்குமச் சிமிழாயிற்று. சிமிழ் நசுங்கியபோது மாப்பிள்ளைக்கு அரைஞாணாயிற்று. எங்கள் வீட்டில் ஒரு வெள்ளிச் சாமான்கூட இரண்டு தீபாவளிக்கு மேல் ஒரே உருவத்தில் இருந்தது கிடையாது. யாரும் துக்கம் கொண்டாடவில்லை. உடைந்த காசை உருக்கி, அதே வெள்ளியில், அதே எடையில், அதே காசைப் பண்ணி வைத்துவிட்டால் அவருக்கு என்ன நஷ்டம்?

அச்சு வெட்டுவது மற்றவர்களுக்குச் சிரமம். எழுத்தையும் உருவத்தையும் இடம் வலமாக மாற்றி வெட்ட வேண்டும். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒருவனுடைய மேல்தாடையின் பின்பக்கத்தைக் கண்ணாடியில் தலைகீழாகப் பார்த்துக்கொண்டே துளை போட்டவனுக்கு வெனிஸ் எம்மாத்திரம். இரண்டு எஃகுத் துண்டு எடுத்தேன். வைரத்தூள் ஒட்டிய ஊசியை டிரில்லில் மாட்டினேன். ஒரு வாரம் மிதித்தேன். தகட்டை வட்டமாக வெட்டி, அச்சுக்கு நடுவே வைத்து, மாப்பிள்ளையின் பெரிய சுத்தியலால் ஒரு அடி. தெருக்கோடி வரை கேட்டது. எதிர்வீட்டு ஆஸ்திரேலியக் கிழவி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். வெனிஸ் நலமாக இருக்கிறது என்றேன்.

எடுத்துப் பார்த்தேன். என் கையையே கும்பிடத் தோன்றியது. டோஜேக்குத் தாடை நேராக வந்திருந்தது. மாற்குக்கு முதல் முறையாக ஒரு வாய். இயேசு இருந்த பின்பக்கத்தில் மட்டும் நான் என் இஷ்டத்துக்கு எதுவும் செய்யவில்லை. பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்தவன், அந்த மரியாதை உண்டு.

இனி நான் சொல்லப்போவது தொழில் சம்பந்தப்பட்டது. பொறுமையாகக் கேளுங்கள்.

அந்தப் புதுக்காசைத் தட்டில் வைத்ததும் மற்றவையெல்லாம் அழுது வடிந்தன. இது எந்தப் பல் டாக்டருக்கும் தெரிந்த விஷயம். வாயில் ஒரே ஒரு பல்லை மட்டும் புதிதாகக் கட்டினால் அது தனியாக முழித்துக்கொண்டு நிற்கும். பார்ப்பவர்களுக்குக் கண் அங்கேயே போகும். அதற்கு ஒரே வழி, மிச்சத்தையும் எடுத்துவிட்டு முழு செட் கட்டுவது. நான் நிறையப் பேருக்கு அப்படிச் செய்திருக்கிறேன். சத்தியபாமாவுக்கும் செய்தேன். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. முன்பல் ஒன்று லேசாக ஏறியிருந்தது. மூன்று தடவையாக உட்காரவைத்து எல்லாவற்றையும் எடுத்தேன். மற்ற பற்களில் ஒரு குறையும் இல்லை, அதனால்தான் எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு நான் கட்டிக் கொடுத்த வரிசையைப் பார்த்துத் திருச்சியே அசந்துபோயிற்று. இந்த நாற்பது வருஷத்தில் அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. முறுக்கை மட்டும் காப்பியில் ஊறவைத்துச் சாப்பிடுவாள்.

ஆகவே விக்னராஜாவின் தட்டிலும் முழு செட் கட்டுவதென்று முடிவு செய்தேன்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் குகையில் போட்டு ஊதுவிளக்கைக் காட்டினேன். ஒவ்வொரு டோஜேயும் ஒரு நிமிஷம் சிவந்து, வேர்த்து, பிறகு பக்கத்தில் இருந்தவரோடு கலந்துவிட்டார். உயிரோடு இருந்த காலத்தில் ஒருவரையொருவர் கவிழ்க்கப் பார்த்தவர்கள். என் குகையில் ஐந்தே நிமிஷத்தில் ஒற்றுமை வந்துவிட்டது. லண்டன், கொழும்பு, இஸ்தான்புல் எல்லாம் ஒரே உருண்டையாகத் திரண்டு கண்ணாடி மாதிரி மின்னிற்று. அவ்வளவு அழகான காட்சியைத் தனியாகப் பார்க்கிறோமே என்றுதான் எனக்குக் குறையாக இருந்தது.

ஒவ்வொரு டோஜேக்கும் தனித்தனி அச்சு வெட்டினேன். ஒரே அச்சில் அடித்திருக்கலாம், ஆனால் அது மோசடி.

அடித்து முடித்தபின் ஒரு யோசனை வந்தது. புதுப் பல்செட்டை முதல் நாளே நாள் முழுக்கப் போடச் சொல்லமாட்டோம். ஈறு பழக வேண்டும். அதுபோல இவ்வளவு பளபளப்பை விக்னராஜாவுக்குத் திடீரென்று காட்டினால் அவர் உடம்புக்கு ஆகாது. வெள்ளியோடு அவித்த முட்டையை நசுக்கி டப்பாவில் மூடி வைத்தால் கறுத்துவிடும். முட்டையே நுழையாத குடும்பம் எங்களுடையது. மாப்பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஷெட் வாசலில் நின்றார்.

"மாமா, என்ன நாத்தம் இது?"

"சரித்திரம் வேகுது மாப்பிள்ளை."

"காரை உள்ள விடணும்."

"வெனிஸில் காரே கிடையாது. கொஞ்ச நாள் வெளியே நிக்கட்டும்."

கறுத்த பிறகு துணியால் மேலாகத் துடைத்தேன். எழுநூறு வருஷம் ஒரே வாரத்தில் ஏறிவிட்டது.

விக்னராஜா ஊரிலிருந்து திரும்பியதும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். தங்கை கல்யாணப் பலகாரத்தைச் சத்தியபாமாவிடம் கொடுத்துவிட்டு, தட்டைத் திறந்தார். ஒரு காசை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். சந்தோஷத்தில் சிலருக்கு அப்படி ஆகும்.

"நல்ல வடிவா இருக்குது" என்றார்.

"லேசா ஒரு கை பார்த்தேன்" என்றேன். அது பொய்யில்லை.

"ஓமோம்" என்று சொல்லித் தட்டை மூடினார். சத்தியபாமா கொண்டுவந்த காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார். நீண்ட பிரயாணம், களைப்பு.

அடுத்த மாதம் நாணயக் கழகத்தின் கண்காட்சி. விக்னராஜா இந்த வருஷம் வைக்கவில்லை என்று என்னென்னவோ சாக்குச் சொன்னார். விடுவேனா. நானே காரில் ஏற்றிக் கொண்டுபோய் வைக்கச் செய்தேன். கழகத்தின் தலைவர் விட்டேக்கர் என்ற வெள்ளைக்காரப் பெரியவர், வெனிஸ் காசுகளில் அவரை மிஞ்ச ஆளில்லை என்றார்கள். தட்டின் மேல் குனிந்தவர் நிமிரவே இல்லை. பிறகு, இத்தனை ஆழமான அச்சைத் தம் ஆயுளில் பார்த்ததில்லை என்றார். போன வருஷம் இவை இவ்வளவு நன்றாக இருந்த ஞாபகம் இல்லையே, எனக்குத்தான் கண் மங்கிவிட்டது போலிருக்கிறது என்று வருத்தப்பட்டார். வெள்ளியைச் சோதித்தார்கள். பழைய வெள்ளிதான், சந்தேகமே இல்லை என்று வந்தது. பின்னே என்ன வரும். முதல் பரிசு, நீல ரிப்பன்.

எல்லோரும் விக்னராஜாவின் கையைக் குலுக்கினார்கள். அவர் ஒன்றுமே செய்யவில்லை, யாழ்ப்பாணத்தில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஸ்பூனால் தேநீர்க் கோப்பையைத் தட்டிச் சபையை அமைதிப்படுத்திவிட்டு, எழுந்து நின்று, நடந்தது அத்தனையும் நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். குகை, அச்சு, முட்டை எதையும் விடவில்லை.

அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. விட்டேக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தது விக்னராஜா. "டொக்டர் முந்தி ஒரு யானைக்கும் பல்லுப் பிடுங்கினவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மறுபடி சிரிப்பு. மாப்பிள்ளை என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மாமா, ப்ளீஸ். உக்காருங்க மாமா."

யானை விஷயம் உண்மை என்று சொல்லப் பார்த்தேன். யார் கேட்கிறார்கள்.

மறுவாரம் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சரணடைந்தேன். செம்பட்டை முடிக்காரக் கான்ஸ்டபிள் ஒருவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காசின் சொந்தக்காரர் புகார் கொடுத்தாரா என்றான். அவன் விக்னராஜாவுக்கே போன் போட்டான். போனில் அவர் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. கான்ஸ்டபிள் போனை வைத்துவிட்டு எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தான். உங்கள் நண்பர் உங்கள்மேல் மிகவும் பிரியமாக இருக்கிறார், வீட்டுக்குப் போங்கள் என்றான். குற்றவாளிக்கு இந்த நாட்டில் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான்.

அதன்பிறகு நான் விக்னராஜாவை எங்கே பார்த்தாலும் இதே பேச்சுத்தான். ஸ்டேஷனில், மளிகைக்கடையில், யாரோ ஒருவர் வீட்டுப் பஜனையில் மங்களம் பாடி முடித்த கையோடு. ஒரு மனிதனுக்குத் தன் வேலைக்கு உரிய பெயர் கிடைக்க வேண்டும், அதைத்தான் கேட்டேன், அவருடைய ரிப்பனை நான் கேட்கவில்லை. அவர் ஒவ்வொரு முறையும் முதுகில் தட்டி, "சும்மா பகிடி விடாதேங்கோ, டொக்டர்" என்பார். பகிடி என்றால் அவர் ஊரில் வேடிக்கைப் பேச்சு. சிரிப்பதற்கு முன் என் முகத்தையே ஒரு கணம் பார்ப்பார். ஆள் கொஞ்சம் இளைத்துப்போயிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அருங்காட்சியகத்திலிருந்து கேட்டார்கள். விட்டேக்கர் சிபாரிசு. ஒரு கண்ணாடிப் பெட்டி முழுக்க அந்தக் காசுகள் நிரந்தரமாக இருக்கும், மேலே பித்தளைத் தகட்டில் "விக்னராஜா சேகரிப்பு" என்று முழுப் பெயரும் பொறித்து வைப்பார்கள். ஒரு தமிழன் பெயர் அந்தக் கட்டடத்துக்குள் போவது அதுதான் முதல் தடவை என்று எங்கள் ஆட்கள் எல்லாம் பேசிக்கொண்டார்கள். நீர்வாரியத்தில் தேநீர் கேட்ட ஆள்கூட வந்து வாழ்த்தினானாம். திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விக்னராஜா எங்கள் வீட்டுக்கு வந்தார். ராதாவும் மாப்பிள்ளையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருந்தார்கள். தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வழக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வார். அன்றைக்கு நான் சொல்லும்வரை நின்றுகொண்டிருந்தார்.

"டொக்டர், ஒண்டு கேக்கவேணும். பகிடி விடாமல் சொல்லுங்கோ."

"என்னிக்கு நான் பகிடி விட்டிருக்கேன். கேளுங்க."

"எல்லாத்தையுமோ உருக்கினனீங்கள்?"

"எல்லாத்தையும்."

"ஒண்டு கூடவோ விடேல்லை? எல்லாம் மோசமில்லைத்தானே. ஒண்டு ரெண்டு நல்லதும் இருந்தது. இது பரவாயில்லை எண்டு எங்கையாவது ஒரு பக்கத்திலை எடுத்து வச்சிருப்பீங்கள். யோசிச்சுப் பாருங்கோ. மேசை லாச்சிக்குள்ளை, சட்டைப் பொக்கற்றுக்குள்ளை."

என் வேலையில் அவருக்கு இப்படி ஒரு சந்தேகம் இருந்தது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. "அரைகுறையா விடற பழக்கம் நமக்குக் கிடையாது, விக்னராஜா. தரையில விழுந்த தூளைக்கூட விடலை. துடைப்பத்தால கூட்டி எடுத்து, அதுல பேத்திக்குப் பால் புகட்ட ஒரு பாலாடை பண்ணினேன். மூக்கு மட்டும் கொஞ்சம் கோணல். பார்க்கறீங்களா?"

வேண்டாம் என்று தலையாட்டினார். தட்டைத் திறந்து ஒரு காசை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார்.

"ஊரிலையிருந்து வந்த அண்டைக்கே கண்ணை மூடிப்போட்டுத் தொட்டுப் பாத்தனான். வீட்டை போய், லைற்றையும் நூத்துப்போட்டுப் பாத்தனான். எனக்குக் கண் தேவையில்லை டொக்டர், விரலுக்கு ஒவ்வொண்டையும் தெரியும். ஒருத்தர் கூட என்னைத் தெரிஞ்சமாதிரிக் காட்டேல்லை."

"புதுசு, அப்படித்தான் இருக்கும். பழகிடும்."

"நீங்கள் பகிடி விடுறீங்கள் எண்டு ஊர் முழுக்க நான்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். அது பகிடியா இருக்குமட்டும் என்ரை காசு எங்கையோ இருக்குது எண்டு ஒரு நினைப்பு. இந்த மனுசன் விளையாட்டுக்கு ஒளிச்சு வச்சிருக்கிறார், ஒருநாள் எடுத்துத் தருவார் எண்டு."

"எங்கேயும் போகலையே. இதோ இருக்கே. அதே வெள்ளி. பாலாடை போக."

அவர் காசை அதன் குழியில் வைத்தார். அது சரியாகப் போய் உட்கார்ந்தது. அளவெல்லாம் நான் அவ்வளவு கச்சிதமாகச் செய்திருந்தேன்.

"நாளைக்கு மியூசியத்தாலை வருகினம். வேண்டாம் எண்டு சொல்லப்போறன். ஏன் எண்டு கேப்பினம். விட்டேக்கருக்கும் சொல்லத்தான் வேணும். ரிப்பனையும் குடுத்துவிடவேணும்." தட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஓம், டொக்டர். நடந்ததுதான். என்ரை காசு முழுக்க உருக்கிப்போட்டு, இவ்வளவையும் நீங்கள்தான் அடிச்சனீங்கள்."

அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை இடம் ஏறி இறங்கியிருக்கிறேன். கடைசியில், எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாத மனிதர் வாயாலேயே வந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு நல்ல வேலையைப் பார்க்கும்போது ரசிகர்கள் அப்படிச் செய்வதை நான் கச்சேரிகளில் பார்த்திருக்கிறேன். கையை நீட்டினேன். அவர் குலுக்கவில்லை, மடியில் தட்டு இருந்ததால் என்று நினைக்கிறேன்.

சத்தியபாமா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது. அவளும் கேட்கட்டும், கொஞ்சம் உரக்க இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். தங்கமான மனிதர். எழுந்து நின்று, சமையலறைப் பக்கம் திரும்பி, சொன்னார்.